இரண்டு பட்டனும் ஒன்றாக

வலது கை ஆள்காட்டி விரலின் நரம்பு அறுந்து, தைத்து, கட்டுப் பிரித்து, பாகாயத்து ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்குப் போய்வந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு வீடியோ கேம் நல்லதா கெட்டதா என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதுவரை நான் ஆடிய ஒரே கேம் போனில் லூடோ. அதிலும் என் மனைவிதான் ஜெயிப்பாள்.

நான் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரஸ்ஸில் நிற்பவன். தோலை மேசையில் விரித்து, மேலே கத்தியை வைத்து, பிரஸ்ஸை இறக்கி வெட்டுகிற வேலை. கத்தி என்றால் சமையல்கட்டுக் கத்தி இல்லை. ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உருவத்தில் வளைத்து, கீழ்விளிம்பைத் தீட்டி வைத்த இரும்புப் பட்டை. அப்படி ஒன்று மேல் ராக்கிலிருந்து நழுவியது; நான் கையை நீட்டிப் பிடித்தேன். விழுகிற கத்தியைப் பிடிக்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். கைக்கு அது தெரியவில்லை. கீழே விரித்திருந்தது வெள்ளைத் தோல். மேலே ஃபினிஷ் பூச்சு போட்டது என்பதால் ரத்தம் துடைத்ததும் போய்விட்டதாம். தோல் வீணாகவில்லை என்று சூப்பர்வைசரே ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம்.

பயிற்சி அறையில் களிமண் பிசைவது, கிளிப்பைக் கம்பியில் மாட்டுவது, பட்டாணி பொறுக்குவது என்று வேலைகள் இருந்தன. யாரோ ஒரு புண்ணியவான் டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனதும் களிமண் பக்கம் போக ஆளில்லை. பெட்டியோடு வந்தவற்றில் கார் ஓட்டுவதும் ஃபுட்பாலும் உடனே பழக்கத்துக்கு வந்துவிட்டன. ஒன்றை மட்டும் மேடம் தனியாக எடுத்து வைத்திருந்தார். மேடம் என்பது எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண். வயதில் என்னைவிடச் சின்னவர்.

“அண்ணா, இதை நீங்க கொஞ்ச நாள் ஆடிப் பார்த்துச் சொல்லுங்க. விரலுக்கு நல்ல வேலை குடுக்குது. ஆனா முழுக்க வெட்டுக்குத்து. கை கால்லாம் துண்டாப் போகுது. இங்க வர்றவங்க எல்லாம் கைல அடிபட்டவங்க. போடலாமா வேணாமான்னு தெரியல.”

“என்னை ஏன் மேடம் கேக்குறீங்க?”

“உங்க முகத்துல எதுவும் தெரியாது. அதான்.”

இதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் சொன்னேன். பாராட்டு இல்லை என்றாள் மனைவி.

அந்தச் சமயத்தில் என் கவலை ஒன்றே ஒன்றுதான். அடுத்த செக்கப்பில் டாக்டர் விரலைப் பார்ப்பார். தடையில்லாமல் மடங்கி நிமிர்ந்தால் திரும்ப பிரஸ்ஸுக்குப் போகலாம். தைத்த நரம்பு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் மறுபடி திறந்து பிரிக்க வேண்டும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. புது ஆர்டர் தொடங்கும் வரைதான் என் மேசையை வைத்திருக்க முடியும், அதற்குப் பிறகு வந்தால் பாக்கிங்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்குப் பெட்டி ஒட்டப் பிடிக்காது. பிரஸ்ஸில் நிற்கப் பிடிக்கும். இதற்கு மேல் தத்துவம் ஒன்றும் இல்லை.

கேமைப் போட்டேன். உலகமே கறுப்பு வெள்ளை. மசியால் வரைந்து காயவைத்த மாதிரி ஊர், மழை, படிக்கட்டு. முகமூடி போட்ட ஒரு பெண் நீள வாளோடு நடக்கிறாள். நாம்தான் அவள். ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள், அவள் வெட்டுகிறாள். வெட்டும்போது மட்டும் சிவப்பு. அதுவும் சும்மா வராது, எல்லாம் மெதுவாகி, சிவப்பு எழும்பி, சுற்றி, சுவரில் கோலம் போட்டுவிட்டு இறங்கும். பின்னாலேயே தவில் மாதிரி ஒரு சத்தம்.

பக்கத்து நாற்காலியில் பேர்ணாம்பட்டு பாய் ஒருவர் இருந்தார். கோழிக்கடை வைத்திருப்பவர், தன் கட்டைவிரலைத் தானே வெட்டிக்கொண்டு வந்தவர். டிவியைப் பார்த்து அவர் முகம் சுளித்தது.

“இன்னா தோஸ்த் இது, ஒரு ஆளுக்குள்ள இவ்ளோ ரத்தமா? என் கைல வந்ததே ஒரு டம்ளர் இருக்காது.”

“படத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி போடுவாங்க பாய்.”

“போடட்டும். கலர் கூட தப்பு. கொஞ்ச நேரத்துல பழுப்பாவணும். இது அப்டியே கீது பாரு.”

அவர் சொன்னது சரி. அந்தச் சிவப்பு ரத்தமே இல்லை, தோலுக்கு நிறமேற்ற டிரம்மில் ஊற்றுகிற சாயம். அதனால்தானோ என்னவோ எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கை துண்டாகி விழும்போது என் கை நினைவுக்கு வரும் என்று மேடம் பயந்தார். எனக்கோ வேறு எரிச்சல். அவள் ஆளை நட்ட நடுவில் வெட்டுகிறாள். தோலில் நடுமுதுகுதான் முதல் தரம். அதைக் குறுக்கே கிழிக்கிறவனை எங்கள் ஃபுளோரில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள். வேஸ்டேஜ் அதிகம் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். அழகாக இருக்கிறது, அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம் என்றேன். வெட்டுப்படுகிறவன் கத்துவதில்லை, விழுந்ததும் மறைந்துபோகிறான், யாரும் அவனை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஹைவேயில் ஓடுவதில்லை. கட்டுப் பிரிக்காதவர்களுக்குக் கொடுக்காதீர்கள், என்னைப் போல் ஆறியவர்கள் ஆடலாம். மேடம் அதை ஒப்புக்கொண்டார்.

ஆனால் நான் ஓர் இடத்தைத் தாண்டவே முடியவில்லை. கூட்டம் நெருக்கும்போது, கையில் வைத்து ஆடுகிற பிடியின் மேல்விளிம்பில் இடமும் வலமும் இருக்கிற இரண்டு பட்டனையும் ஒன்றாக அழுத்தினால் ஒரு பெரிய வீச்சு. சுற்றி நிற்கிற எல்லாரும் காலி. அழுத்தியதும் விட்டுவிட்டு ஓட வேண்டும். நான் விடாமல் நிற்பேன். வாளை நீட்டியபடியே நிற்கும் அவளைப் பின்னாலிருந்து எவனாவது வந்து போடுவான். அன்றைக்கும் அதே, மறுநாளும் அதே.

“விடுங்கண்ணா, அழுத்தினதும் விடுங்க” என்பார் மேடம். ஒரு நாள் டிவியைப் பார்க்காமல் என் வலது விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “மெதுவாச் செஞ்சா நிமிருது. வேகத்துல மாட்டிக்குது. உள்ள ஒட்டியிருக்கோ என்னவோ. டாக்டர்கிட்ட சொல்லணும்.”

பெட்டி ஒட்டுகிற மேசை கண்முன் வந்து நின்றது. முகத்தில் தெரிந்ததா என்று தெரியாது.

அடுத்த தடவை மனைவி லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். அவளும் அதே கம்பெனிதான், தையல் பிரிவு. என் பின்னால் நின்று பார்த்தாள். கூட்டம் வந்தது, இரண்டு பட்டனையும் அழுத்தினேன், நின்றேன், செத்தேன். மறுபடி ஆடினேன், மறுபடி செத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“இன்னாங்க, பிரஸ் மேல ஏறட்டும்னு காத்துனு இருக்கீங்களா?”

மேடத்துக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. ஒரு கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் இறங்கும். இறங்கி, வெட்டி, மேலே ஏறும் வரை விடக் கூடாது. நடுவில் விட்டால் நின்றுவிடும், துண்டு பாதியில் போகும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இந்த மனிதர் அதைத்தான் செய்கிறார், விடு என்றால் எப்படி விடுவார்?

“இடது கையைப் பாருங்க மேடம். அதுவும்தானே விடல? அதுல இன்னா அடியா பட்டுது?”

மேடம் பார்த்தார். அதுவரை அந்தக் கையை அவர் பார்க்கவே இல்லை. நல்ல கையை யார் பார்ப்பார்கள்? உண்மைதான், இரண்டு விரலும் பட்டனோடு ஒட்டி உட்கார்ந்திருந்தன. மேடம் கைதட்டினார். பாய் எட்டிப் பார்த்து, “மிஷின் உன்னைப் புடிச்சுனு கீது தோஸ்த்” என்றார். நானும் சிரித்தேன். அந்த மாதங்களில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். விரலில் கோளாறு இல்லை, வேலைப் பழக்கம்தான். செக்கப், பிரஸ், என் மேசை என்று மனது ஆம்பூர் வரை ஓடிவிட்டது.

“இப்போ மிஷினை மறந்துடுங்க. இது கேம். அழுத்துங்க, உடனே விடுங்க” என்றார் மேடம்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரஸ் இல்லை, தோல் இல்லை, விடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கூட்டம் வந்தது. இரண்டையும் அழுத்தினேன். விட்டேன். இடது விரல் துள்ளி எழுந்தது. அவள் வாளை நீட்டியபடியே நின்று வெட்டுப்பட்டாள்.

“இன்னொரு வாட்டி” என்றேன்.

இன்னொரு வாட்டியும் இடது விரல் எழுந்தது. சிரித்துக்கொண்டிருந்த மனைவி வாயிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மேடம் கிட்டே வந்து குனிந்தார். பாய் தன் களிமண்ணை எடுத்து வைத்துக்கொண்டார்.

“போதும்ணா. டாக்டர் பார்க்கட்டும்.”

“இருங்க மேடம். கேம் லேட்டா எடுக்குது. நான் விட்டுட்டேன்.” எனக்குக் கோபம் வந்தது. கேம் மேலா, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மறுபடி அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு எழும்பி, சுற்றி, மெதுவாக இறங்கியது.

மனைவி முன்னால் வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். என் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைப் பட்டனிலிருந்து தூக்கி எடுத்தாள்.

“விடுங்க” என்றாள்.

நுனியில் உணர்ச்சி இன்னும் முழுதாகத் திரும்பாத விரல் அது. அவள் தூக்கும் வரை, நான் விட்டுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.