ஓய்வறையில் எடுத்த படம்

கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஏழு மாத வயிற்றோடு புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன காலம் அது. இரவில் எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கம் வராது. பகலில் கதிரையில் உட்கார்ந்தாலே கண் சொருகும்.

ஒரு நாள் பாடமில்லாத நேரத்தில் ஓய்வறை மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டேன். உதவி அதிபர் என்னைப் படமெடுத்து, "சம்பளத்தோட நித்திரை" என்று எழுதி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவரே மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். பலரும் அதன் கீழே சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். விழித்ததும் அதைப் பார்த்து, வேலையையே விட்டுவிட நினைத்தேன்.

யாழ்ப்பாணத்து இராசமலர் டீச்சர் மட்டும் அவரிடம் நேரே கேட்டார்.

"அவவைப் படம் எடுத்த நேரத்துக்கு, அவவின்ர அடுத்த வகுப்பை எடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கலாமே சேர்?"

"சும்மா ஒரு பகிடிதானே டீச்சர்," என்று இளித்தார்.

"மூண்டு பிள்ளை பெத்த உங்கட மனிசிக்கும் அந்தப் பகிடியைக் காட்டுங்கோவன்."

படம் உடனே மறைந்தது. மன்னிப்பு வரவில்லை. என் வகுப்புக்கு டீச்சரே போனார். நான் மறுபடி தூங்கினேன், வெட்கமில்லாமல்.

வேலையை விடவில்லை. அவரைத் தினமும் பார்க்கிறேன். கோபம்கூட வருவதில்லை. கோபப்படுவதற்கும் எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டுமே.