கண்டக்டர் போட்ட தோட்டம்

ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவர் கண்டக்டர்தான். பஸ்ஸில் இருந்தவரை ஒரு ஆளைக்கூட நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. "உள்ள போங்க, இடம் இருக்கு" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன மனிதர். அப்படிப்பட்டவர் தோட்டம் போடக் கற்றுக்கொள்ளப் போனதற்குக் காரணம் மனைவியின் முழங்கால்.

மூட்டு வலி வந்தபின் அந்த அம்மாள் வாசலைத் தாண்டுவதில்லை. கீழ்த்தளத்து ஜன்னலுக்கு வெளியே கிடந்த மண் தரைதான் அவருக்கு ஊர் உலகம் எல்லாம். அதற்கும் வினை வந்தது. மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கிப் படியேறுகிறது, சிமென்ட் பூசிவிடலாம் என்றார் குடியிருப்புச் செயலாளர். கண்டக்டர் கெஞ்சிக் கூத்தாடி அடுத்த மழைவரை தவணை வாங்கினார். அப்போதும் தண்ணீர் படியைத் தொட்டால் சிமென்ட்தான்.

நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மண்ணையும் தண்ணீரையும் வீணாக்காமல் தோட்டம் அமைப்பது எப்படி என்று சொல்லித் தந்த பெண், செடியைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். கண்டக்டர் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார். மொட்டைமாடி மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் அடியிலிருந்து நேரே படியை நோக்கிச் சரிவு. நடுவில் ஆழமில்லாத ஒரு பள்ளம் தோண்டினார். உதிர்ந்த இலைகளைக் குப்பையில் கொட்டாமல் மண்ணுக்குப் போர்வையாகப் பரப்பினார். செயலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தவர் நடவில் கோட்டை விட்டார். அந்த மண்ணுக்குப் பழகிய செடிகளாகப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினார். வேர் ஓடினால்தான் மண் தண்ணீரைக் குடிக்கும், அதனால் தள்ளித் தள்ளி நடுங்கள் என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலி இடத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்குமா? நெருக்கியடித்து நட்டுத் தள்ளினார். கொஞ்ச நாளில் இலைகள் மஞ்சளடித்தன, தண்டுகள் அழுகின. வானமோ கறுக்கத் தொடங்கியிருந்தது.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மனைவி பேசினார். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் உங்க பஸ்ல ஏறினேங்க. மூச்சு முட்டி அடுத்த ஸ்டாப்லயே இறங்கி நடந்து போயிட்டேன்."

இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. கண்டக்டருக்கு முகம் தொங்கிப்போனது.

"எனக்குக் கால் இருந்துச்சு, இறங்கிட்டேன். அதுங்க பாவம், எப்படி இறங்கும்?"

மறுநாள் பாதிச் செடிகளை வேரோடும் மண்ணோடும் எடுத்துத் தொட்டிகளில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆளைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் பழக்கமில்லாத மனிதர். ஒவ்வொரு தொட்டியைக் கொடுக்கும்போதும் மனசு கேட்கவில்லை. செயலாளர் வீட்டு பால்கனியில்கூட இரண்டு ஏறின. மிஞ்சியவை மெல்லத் தலை நிமிர்ந்தன.

மழை ஒரு மத்தியானம் கொட்டித் தீர்த்தது. செயலாளர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு படியில் வந்து நின்றார். குழாயிலிருந்து பாய்ந்த தண்ணீர் பள்ளத்தில் இறங்கிச் சுற்றியது, விளிம்புவரை ஏறியது. கண்டக்டர் குடையைக்கூட மறந்து பள்ளத்தருகே போய்க் குனிந்து பார்த்தார். விளிம்பில் நின்ற தண்ணீர் நின்றபடியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. படி நனையவில்லை. செயலாளர் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலோடு எழுந்து நின்றிருந்தார் மனைவி. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். மனைவி கம்பியை இரண்டு தட்டு தட்டினார்.

"ரைட், போலாம்."

நனைந்த மனிதர் அழுதாரா சிரித்தாரா என்று மழையில் யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்தது.