தங்கப்பழம் கூப்பிட்ட விருந்து

வடசென்னை விம்கோ நகரில் முப்பிடாதியின் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சோற்றோடு திட்டும் வரும். கீரையை ஒதுக்கினால் திட்டு, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் திட்டு, சாப்பிடாமல் இலையை மடித்தாலோ பெரிய திட்டு. இருந்தும் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் அங்கே உட்கார இடம் கிடைக்காது. டிரைலர் டிரைவர்களும் கண்டெய்னர் யார்டு ஆட்களும் வாசலில் காத்து நிற்பார்கள். வாயைக் கேட்டு ஓடியவன்கூட மறுநாள் குழம்பை நினைத்துத் திரும்பி வந்துவிடுவான்.

அவளுடைய அப்பா ராசையா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை வைத்தவர். முப்பிடாதி பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். ஐம்பத்திரண்டு வயதாகிறது, பேச்சு அசல் வடசென்னை. பண்டிகை நாளில்கூட அரை நாளாவது கடையைத் திறந்துவிடுவாள். ஜூன் பதினேழு அன்று மட்டும் ஷட்டர் இறங்கியே இருக்கும். அவள் தம்பி தங்கப்பழம் கார்கில் போரில் இறந்த நாள் அது. அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு.

இறந்தவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, இலை போட்டுப் படைத்து, நாலு பேருக்குச் சாப்பாடு போடுவதுதான் அவர்கள் வழக்கம். முப்பிடாதி அதைச் செய்ததே இல்லை. அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடப்பாள். ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவள் கூடப்பிறந்தவனுக்கு ஓர் இலை போட மாட்டாளா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். சொந்தக்காரர்களுக்கு முணுமுணுக்க ஏதாவது வேண்டும்தானே. காரணம் அவள் மகள் சௌமியாவுக்கு மட்டும் தெரியும்.

போர் நடந்த வருஷம் பிப்ரவரியில் லீவு முடிந்து கிளம்பிய தம்பி, ரயிலுக்கு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு வேண்டும் என்றான். மூன்று நாள் பயணத்தில் பெட்டியே நாறும் என்று அக்கா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அவன் முறைத்தான், அவள் கத்தினாள், வார்த்தை தடித்தது. "பட்டாளத்துக்குப் போனதும் ரொம்ப ஆட்றியா? பட்டினி கெடந்தாதான்டா உனக்குச் சோத்து அருமை தெரியும். போ, பட்டினி கெட!" என்றாள். அவன் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. அதில் தெருவில் உள்ள எல்லாரையும் விசாரித்திருந்தான், அக்காவைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதற்கடுத்துச் சவப்பெட்டிதான் வந்தது.

பட்டாளத்தில் எத்தனையோ பேர் இறந்தார்கள். ஆனால் தன் தம்பியைக் கொன்றது தன் வாய் என்றுதான் முப்பிடாதி நம்பினாள். அவன் தன் மேல் கோபத்தோடு, தான் சொன்னபடியே வெறும் வயிற்றோடு செத்துப்போனானோ என்பது இருபத்தாறு வருஷமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் அந்த ஆள் தானாகவே சாப்பிட வந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த செக்யூரிட்டி சூப்பர்வைசர். பெயர் சாலமோன், ஊர் குடியாத்தம் பக்கம். உட்கார்ந்து முதல் வாய் எடுத்தவர், சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், சோத்துல முடி கீதா?" என்றாள் முப்பிடாதி, சண்டைக்குத் தயாராக.

அவர் எச்சில் கையோடு எழுந்து நின்றார். "இது தங்கப்பழம்தானேம்மா? பட்டாளத்துல நானும் அவனும் ஒரே செக்ஷன், எட்டு பேரு. கடைசி வரைக்கும் கூட இருந்தேன்."

கையிலிருந்த குழம்பு வாளியை அவள் கீழே வைத்தாள். எப்படிச் செத்தான், எங்கே குண்டு பட்டது என்றெல்லாம் கேட்கவில்லை.

"அன்னிக்கு அவன் சாப்ட்டானா?"

சாலமோனுக்குப் பொய் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கினார். "இல்லக்கா. ரெண்டு நாளா யாருக்குமே சோறு கெடைக்கல. மல மேல ஏறுறப்ப சாப்பாட்ட கொறைச்சிகினு தோட்டாவத்தான் தூக்கிகினு போனோம். பாக்கெட்ல நாலு பிஸ்கட்டு, அவ்ளோதான்."

முப்பிடாதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் சொன்னேன். பட்டினி கெடன்னு என் வாயால நாந்தான் சொன்னேன்."

சாலமோன் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

"அந்த அக்கா நீங்கதானா! அத உங்கள மாதிரியே பேசிக் காட்டி எங்கள சிரிக்க வெச்சவனே அவன்தான்கா. எவனாவது ரொட்டி வேணான்னா போதும், மொத்த செக்ஷனும் 'போ, பட்டினி கெட'ன்னு கத்தும். சண்ட முடியட்டும், எட்டு பேரும் எங்கக்கா கையால சாப்புடுவோம்னு சொல்லிகினே இருப்பான். 'வாசல்லியே திட்டும், பயந்துடாதீங்க. திட்டிகினே எலைய போட்ரும்'பான்."

"அப்போ லெட்டர்ல என்னப் பத்தி ஏன் ஒரு வார்த்த எழுதல?"

"அதுக்குப் பேரு ரோஷம்கா. நேர்ல போயி சமாதானம் ஆய்க்கிறேன், லெட்டர்ல எழுதுனா எழுத்து கோணலா கீதுன்னு அதுக்கும் திட்டும்னான்."

முப்பிடாதி அழுதாள். சாப்பிட வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, மூக்கைச் சிந்திக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. டிரைவர்கள் சத்தம் போடாமல் தாங்களே சாம்பார் ஊற்றிக்கொண்டார்கள்.

எட்டுப் பேரில் இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள் என்றார் சாலமோன். அவன் இல்லாமல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலை மிதிப்பது என்று ஒருவரும் வரவில்லையாம்.

"நல்ல மூஞ்சி பாத்தீங்க போ. கூப்ட்ட எடத்துக்கு வரத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "ஜூன் பதினேழு. அஞ்சு பேரும் இங்க இருக்கணும்."

ஜூன் பதினேழு அன்று ஷட்டர் ஏறியிருந்தது. விடியற்காலையில் முப்பிடாதியே காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரமும் இறாலும் பார்த்து வாங்கி வந்தாள். சமைத்ததையெல்லாம், அன்று கட்டிக் கொடுக்காத நெத்திலித் தொக்கையும் சேர்த்து, முதல் இலையில் தம்பிக்கு வைத்துக் கற்பூரம் காட்டினாள். தேனியிலிருந்து ஒருவர், நாகர்கோவிலிலிருந்து ஒருவர், செயற்கைக் கால் பொருத்திய ஒருவர் என்று ஐந்து பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"இருவத்தாறு வருசம் லேட்டு! சோறு ஆறிப் போச்சுடா, உள்ள வந்து தொலைங்க!"

உட்கார்ந்தார்கள். மீன், இறால், குழம்பு என்று அவள் போடப் போடச் சாப்பிட்டார்கள். ரசமும் பாதி முடிந்தபோதுதான் சாலமோன் கையை நிறுத்தினார். "அக்கா, நீங்க?"

"நான் இன்னிக்கிச் சாப்புட மாட்டேன்."

"விருந்துக்குக் கூப்ட்டது அவன். அவன் வூட்டு ஆளு பட்டினி கெடந்தா அவனுக்குத்தான்கா அசிங்கம்."

சௌமியா சட்டென்று ஓர் இலையை விரித்தாள். முப்பிடாதி அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் எடுத்துவைத்தாள். மென்றாள். நிமிர்ந்து ஐந்து பேரையும் பார்த்தாள்.

"ரசத்துல உப்பே இல்ல! அவ்ளோவும் குடிச்சிகினு ஒருத்தனும் வாயத் தொறக்கல. நீங்கல்லாம் மல மேல ஏறி சண்ட போட்டவங்களாடா?"

"உங்ககிட்ட சண்ட போட்ற தைரியம் அவன் ஒருத்தனுக்குத்தான்கா இருந்துது" என்றார் சாலமோன்.

முப்பிடாதி சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் டம்ளரை நீட்டினார்கள்.