நாங்கள் தோற்றது வெயிலால் அல்ல

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிட்னி வெயிலாம். நடுவராம். மைதானத்துப் புல்லாம். எதிரணிக்கு மட்டும் யாராவது குடை பிடித்தார்களா? அன்று கோல் காத்தவன் நான். ஏன் தோற்றோம் என்று எனக்குத் தெரியும். சங்கத் தலைவருக்கும் நன்றாகத் தெரியும்.

சிட்னியில் டூங்கபிக்குப் பக்கத்து மைதானத்தில் வருடாவருடம், இலங்கையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் அணிகள் உதைபந்தாட்டத்தில் மோதிக்கொள்ளும். இந்த முறை கப் எங்களுக்குத்தான் என்று எல்லோருமே முடிவுகட்டியிருந்தார்கள். காரணம் ஒரே ஆள், எங்கள் முன்கள வீரர். முப்பது வயது, படகில் வந்தவர், பொருட்கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கல்லூரி என்று பெயர் கொண்ட எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தார். பதினோராம் வகுப்பின் ஓஎல் பரீட்சை வருமுன்பே சண்டை நெருங்கி, குடும்பத்தோடு இடம்பெயர்ந்து போய்விட்டார்.

ஒரு வருடம் படித்திருந்தாலே ஆடலாம் என்பது போட்டி விதி. எதிரணிகள் எதுவும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள்தான் அவர் காதில் விழும்படியாக, "அரைவாசி ஓல்ட் போய்", அரைப் பழைய மாணவன், என்று சொல்லிச் சிரிப்பார்கள். கப்பைப் பற்றி அந்த மனிதர் ஒருநாளும் கதைத்ததில்லை. இவரும் எங்கட ஆள் என்று இவர்கள் வாயால் ஒருமுறை வரவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அரையிறுதிவரை நாங்கள் போட்ட கோல்கள் எல்லாம் அவர் காலிலிருந்து வந்தவை. இறுதியாட்டத்திலும் முதல் பாதியிலேயே ஒன்று போட்டார். ஒன்றுக்குப் பூச்சியம். கப்பைக் கொடுப்பதற்காக எங்களுக்குத் தலைமையாசிரியராக இருந்த பழைய அதிபர் மெல்பேர்னிலிருந்து வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார். இடைவேளையில் தலைவர் எங்களிடம் வந்து, முன்கள வீரரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, நீர் கொஞ்சம் ரெஸ்ட் எடும்."

"எனக்குக் களைக்கேல்லை அங்கிள்."

"அதுக்கில்லை. கப் வாங்கேக்க கிரவுண்டில நிக்கிறவை எல்லாரும் எங்கட கொலிஜில ஓஎல் எடுத்தவையா இருக்கோணும். ஆண்டு மலருக்குப் போற படம். பிறகு நாலு பேர் நாலு கதை கதைப்பினம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விசர்க்கதை கதையாதேங்கோ அங்கிள்! முதல்ல கப்பை எடுப்பம், பிறகு படத்தை எடுங்கோ!"

"நீர் போய் கோலைப் பாரும்," என்றார்.

ஒருவரை வெளியே எடுத்தால் திரும்ப இறக்க முடியாது. அவருக்குப் பதிலாக இறங்கியவர் ஒரு கணக்காளர். ஓஎல்லில் எல்லாப் பாடத்திலும் அதிவிசேட சித்தி பெற்றுத் தேறியவர். பந்து வந்தால் ஒதுங்கி மரியாதையாக வழிவிடுவார். முதல் பாதி முழுக்க எங்கள் முன்கள வீரரோடு ஒட்டிக்கொண்டு திரிந்த எதிரணிப் பின்களக்காரர் இருவருக்கும் இப்போது வேலை இல்லை. அவர்களும் ஏறி வந்து என் முகத்துக்கு முன்னால் நின்றார்கள். ஆளுக்கொரு கோல் போட்டுவிட்டுப் போனார்கள்.

கப் போனது. ஆனாலும் படம் எடுத்தார்கள்! அதிபரை நடுவில் நிறுத்தி, ஓஎல் எடுத்தவர்கள் எல்லோரும் வரிசையாக, வெறுங்கையோடு. நான் அதில் நிற்கவில்லை.

அடுத்த கிழமை தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "வாற வருஷத்துக்கும் அந்தத் தம்பியைச் சொல்லி வையும். ஃபைனலுக்கு முந்தின மட்ச்சுகளுக்கு அவர் போதும்."

நான் சொன்ன மறுமொழியை எழுத்தில் போட முடியாது. அதே சூட்டோடு முன்கள வீரரை அழைத்து, தலைவர் கேட்டதைச் சொன்னேன்.

"இனி இவையளுக்கு விளையாடாதையும். உம்மை எந்த ரீமும் கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிடும்," என்று கத்தினேன்.

"இவையள் கூப்பிட்டா வருவன் அண்ணை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் படிச்சதெல்லாம் மரத்துக்குக் கீழ. எங்க படிச்சனீர் எண்டு ஆரும் கேட்டா, சொல்லுறதுக்கு எனக்கு இந்தக் கொலிஜ் ஒண்டுதான் இருக்கு."