சூசை அனுப்பிய வாழ்த்து

இன்று காலை ஆலங்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, வாட்ஸ்அப்பில் சூசையிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது.

சூசையை ஆடி மாதம் அடக்கம் செய்தோம். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

போன வருடம் அவர் நட்சத்திரப் படம் போட்ட வாழ்த்து ஒன்றை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்தார். "சொந்தமாக இரண்டு வரி எழுத முடியாதவர் எனக்கு அனுப்ப வேண்டாம்" என்று குரூப்பிலேயே, அத்தனை பேர் முன்னால் எழுதினேன். நான் சொன்னது சரிதான், இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் அதன்பின் அவர் என்னோடு பேசவே இல்லை.

இன்று வந்ததில் படம் இல்லை.

"அண்ணே, இது நானே எழுதுனது. கோவம் போச்சா?"

அந்த எண்ணுக்கே போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"ஆசுபத்திரியில கெடக்கையில எழுதி வச்சாருண்ணே. கிறிஸ்துமஸுக்கு ஒங்களுக்கு அனுப்பச் சொன்னாரு. மகன் அனுப்பிட்டு இப்பத்தான் கோயிலுக்குப் போனான். போனு எங்கிட்டதான் இருக்கு. எனக்கு இதுல எழுதவெல்லாம் தெரியாதுங்க."

போனை வைத்துவிட்டு, "போச்சு, சூசை" என்று பதில் போட்டேன்.

உடனே அவர் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்தது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அந்த 'டைப்பிங்' இன்னும் போகவில்லை.

குரூப்பில் யாரையாவது திட்டியவர்கள் இருந்தால், ஆள் இருக்கும்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள். எனக்கு மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.