காற்றுக்குப் பயந்த பிச்சமுத்து

பல் விளக்கியதும் பிச்சமுத்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சாமி படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேற்கு ஜன்னலில் செருகுகிறார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறார். ஆனி மாதத்து ஸ்ரீரங்கத்தில் அது எந்தப் பக்கம் சாயும்? காவிரி போகிற பக்கம், கிழக்கேதான். அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் பத்தி பாதி எரிகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் சட்டையை மாட்டுவார்.

“சாமிக்குத்தான் வெக்கறாருன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்கிறார் அவர் மனைவி சந்திரம்மாள். “கேட்டா, பேசாம இருங்கறாரு.”

வயது நாற்பத்தேழு. தொட்டியத்தில் வாழை போடும் குடும்பம். காதில் எப்போதும் ஒரு பென்சில். காவிரிப் பாலத்தில் எதிரே லாரி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றுவிடுவார். கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். வீட்டு மண்ணெண்ணெய் டின்னை அடுப்பிலிருந்து முப்பது அடி எண்ணி, கொல்லைக் கோடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். மூத்த மகள் வள்ளிக்கண்ணு அந்த மூலைக்கு ‘வெடிமருந்துக் கிடங்கு’ என்று பெயரே வைத்துவிட்டாள். பயந்தாங்கொள்ளி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். மாடியில் குடியிருக்கும் நானும் ரொம்ப நாள் அப்படித்தான் முடித்து வைத்திருந்தேன்.

கண்டோன்மெண்டில் தர்மராஜ் என்ற இன்ஜினீயரின் ஆபீசில் அவர் டிராப்ட்ஸ்மேன். அரிசி மில்லுக்கும் சினிமாக் கொட்டகைக்கும் படம் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின்போது பீகார் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் வேலை வந்து சேர்ந்தது. சுரங்கத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவர் இறங்கிய அதிகபட்ச ஆழம் சொந்த ஊரில் மாடு கட்டி இறைக்கும் கவலைக் கிணறு.

“தோண்டறது வேற ஆளுங்க. குழிக்கு மேல இருக்கற ஊரை நான் போட்டேன். விளக்கு குடுக்கற ரூம், ஆளுங்க குளிக்கற எடம், கரண்ட் கம்பி, தண்ணித் தொட்டி, எல்லாம் எங்கெங்க வரணும்னு. மேல நாம தப்பா வெச்சா, கீழ இருக்கறவன் எங்கங்க ஓடுவான்?”

இதைச் சொல்லும்போதே அவருக்கு முகம் வெளுத்துவிடும். பத்து மாதம் இந்தப் பயத்தோடுதான் வரைந்தார். சுரங்கத்துக்கு இரண்டு குழிகள். ஒன்றின் வழியாக நல்ல காற்று கீழே இறங்கும். மற்றதன் தலையில் பெரிய விசிறி ஒன்று உட்கார்ந்து கெட்ட காற்றை இழுத்து வெளியே தள்ளும். தோண்டும்போது வரும் கல்லையும் கரித்தூளையும் ஒரு பக்கம் மலையாகக் கொட்டுவார்கள். அந்தக் குப்பைமேடு தானாகவே தீப்பிடித்து வருஷக்கணக்கில் புகையும். அந்தப் புகை நல்ல காற்றுக் குழிக்குள் போய்விடக் கூடாது. அங்கே காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்று கேட்டு எழுதச் சொன்னார் பிச்சமுத்து. எழுதினார்கள், பதில் வரவில்லை. “காத்து எங்கேயும் காத்துதான்யா, போடும்” என்றார் தர்மராஜ். நம்மவரும் தமக்குத் தெரிந்த காற்றை வைத்துப் போட்டார். காற்று பலமாக இருப்பது ஆனி ஆடியில், அடிப்பது மேற்கிலிருந்து. ஆகவே குப்பைமேடு குழிகளுக்குக் கிழக்கே. திருச்சி ஜில்லாக்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

இந்த வருஷம் ஈஸ்டருக்குத் திருச்சிப் பாலக்கரையில் தம் வீட்டுக்கு வந்திருந்த அற்புதசாமி, அந்தச் சுரங்கத்திலேயே ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டுகிறவர். படம் போட்டவரைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று மரியாதைக்கு வந்தார். மேடு நன்றாக வளர்ந்து தை மாதம் தீயும் பிடித்துவிட்டது என்றார். பேச்சுவாக்கில், “மழைக்காலத்துல அங்க கிழக்கத்திக் காத்துங்க. துணி காயப்போட்டா மேக்கால பறக்கும்” என்றார். பிச்சமுத்து காப்பியைக் கீழே வைத்தவர் பிறகு தொடவே இல்லை.

மறுநாளே முதலாளியிடம் ஓடினார். கையெழுத்தாகிப் போன படத்தில் தப்பு என்று வெளியே மூச்சு விட்டால் அன்றோடு சீட்டுக் கிழியும் என்றார் தர்மராஜ். வள்ளிக்கண்ணுவுக்கு ஆவணியில் கல்யாணம். பிச்சமுத்து வாயை மூடிக்கொண்டார். ஊதுபத்தி அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை மாடியிலிருந்து கூப்பிட்டார். கையில் அற்புதசாமியின் கடிதம், பிரிக்காமல். முந்தின நாள் வந்ததாம். “நீங்களே படிங்க. புகையப் பத்தி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

இருந்தது. மழை பிடித்துக் காற்று திரும்பிவிட்டது. குழிக்குள் புகை நாற்றம். விசிறியில்தான் கோளாறு என்று அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஷிப்டில் நூற்றெண்பது பேர் இறங்குகிறார்கள். செவ்வாய்க்கிழமை மயங்கிக் கிடந்த இரண்டு பேரை அற்புதசாமிதான் தம் கூண்டில் மேலே தூக்கினார், பிழைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு வரி: ‘மேட்டைப் பற்றிச் சித்திரையிலேயே ஒரு மொட்டைக் கடிதாசி வந்ததாம். வேலை கிடைக்காத எவனோ எழுதியது என்று மானேஜர் கிழித்துப் போட்டுவிட்டாராம்.’

பிச்சமுத்து கடிதத்தை வாங்கி அந்தக் கடைசி வரியைத் தாமே ஒரு தரம் படித்தார்.

“அது நான் எழுதுனதுங்க” என்றார்.

எழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களென்று இடது கையால் எழுதியிருக்கிறார். ஸ்ரீரங்கத்து முத்திரை விழக் கூடாதென்று ஜங்ஷன் வரை சைக்கிளில் போய் ரயில் தபாலில் சேர்த்திருக்கிறார். வரைகிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தம் பெயரைப் போடுகிற மனுஷன், நூற்றெண்பது உயிருக்காக எழுதிய கடிதத்தில் பெயர் போடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சமையற்கட்டு வாசலில் வள்ளிக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றுகொண்டிருந்தாள். பேர் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று எனக்கும்தான் தெரியும்.

பிச்சமுத்து அவள் பக்கம் திரும்பினார். “அப்பா ஒண்ணு பண்ணப் போறேன்மா” என்றார். அவள் உள்ளே போய் அவருடைய மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

தரையில் காகிதத்தைப் பரப்பி, இந்தத் தரம் வலது கையால், படத்துக்குப் போடுகிற அதே அச்சு எழுத்தில் சுரங்க மானேஜருக்குத் தந்தி வாசகம் எழுதினார். குப்பைமேட்டுப் புகை நல்ல காற்றுக் குழிக்குள் போகிறது. உடனே ஆட்களை மேலே ஏற்றுங்கள். படம் போட்டவன் நான். அதன் கீழே பிச்சமுத்து, தகப்பனார் வீரமலை, தர்மராஜ் ஆபீஸ் டிராப்ட்ஸ்மேன், திருச்சிராப்பள்ளி என்று ஒன்று விடாமல் எழுதினார். வார்த்தை கூடக்கூடத் தந்திக்குக் காசு கூடுமே என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

மை காயவில்லை. எழுந்து மேற்கு ஜன்னலுக்குப் போனார். அன்றைக்கு ஊதுபத்தி வைத்திருக்கவில்லை. காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து, தம் பெயர் இருந்த பக்கத்தைக் காற்றுக்குக் காட்டியபடி நின்றார்.