ஒரு தொட்டி சோறு

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்த வருஷம். நான் சென்னையில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா எனக்கென்று விட்டுப்போன செவலைப் பசு பிள்ளைப்பாக்கத்தில் அண்ணன் பொறுப்பில் இருந்தது. அதற்கென்றே தனியாக ஒரு வைக்கோல் போர். அண்ணன் மாதாமாதம் கடிதம் போடுவான். பசு சுகம் என்று ஒரு வரி தவறாமல் இருக்கும்.

ஈஸ்டருக்குப் போனபோது போர் இருந்த இடம் வெறும் தரை. அண்ணனின் உழவு மாடுகள் மினுமினுவென்று நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் என் பசு எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தது. என் கையை முகர்ந்துவிட்டு நக்கியது.

"ஏன் பொய் எழுதினே?"

"உழவு மாடு செத்தா வூடே பூடும். நான் இன்னா பண்றது?" என்றான் அண்ணன்.

பென்னலூர் வரை போய் கால்நடை மருத்துவரை அழைத்துவந்தேன். அவர் பசுவின் தொடையை அழுத்திப் பார்த்தார்.

"ஈரல்ல இருந்த சர்க்கரை எப்பவோ தீர்ந்திருக்கும். அப்புறம் கொழுப்பு. இப்ப தசையைக் கரைச்சுக்கினு இருக்குது. ஒவ்வொரு செல்லும் தன்னோட தேஞ்ச பாகத்தைத் தானே தின்னு உயிரைப் புடிச்சுக்கினு இருக்குதும்மா."

வகுப்பில் நான் எழுதி மனப்பாடம் செய்த பாடம். நோட்டில் அதற்குக் கண்கள் இருந்ததில்லை.

"பொழைச்சுக்கும்," என்றார். "வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. சோறு, கஞ்சி மட்டும் காட்டாதீங்க. காஞ்ச வயித்துல புளிச்சுக் கொன்னுடும்." அண்ணனும் கேட்டுத் தலையாட்டினான்.

நான்காம் நாள் அது தானாக எழுந்து நின்றது. அன்று ஞாயிறு. நான் சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். பசு இடப்பக்கம் உப்பிக் கிடந்தது. தொட்டியின் அடியில் சோற்றுப் பருக்கைகள்.

"தரகர் வரேன்னாரு," என்றான் அண்ணன். "வயிறு ரொம்பியிருந்தா பார்க்க நல்லாருக்குமேன்னு..."

என் பசுவை என்னிடம் சொல்லாமலே விற்கப் பார்த்திருக்கிறான். மருத்துவர் மறுபடி வந்து முடிந்ததையெல்லாம் செய்தார். மாதக்கணக்கில் தன்னையே தின்று தாக்குப்பிடித்த உடம்பு, மறுநாள் காலையில் அடங்கிவிட்டது. அண்ணன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை.

மழை பெய்த பிறகு அவன் விடுதிக்கு வந்தான். நான் இல்லை என்று காவல்கார அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அவன் வெகுநேரம் வெளியே நின்றதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தில்தான் மறுபடி அவனோடு பேசினேன். அதுவும் ஊருக்காக.